தெருவில் கேட்டால் இரைச்சல், திடலில் கேட்டால் இசையா?



சென்னைப் பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்குத் திடீரென்று தெருவின்மீது காதல் பிறந்திருக்கிறது. தெரு என்றால் தூசி, தெரு என்றால் சந்தடி, தெருவில் பாடுகிறவன் என்றால் தறுதலை என்று நேற்றுவரை சொன்னவர்கள், ஞாயிற்றுக்கிழமை பிறந்ததும் பிள்ளைகுட்டிகளோடு தெருவுக்கு இறங்கி வருகிறார்கள். 2022இல் அண்ணா நகரிலே ஞாயிறு காலைகளில் வண்டிகளை மறித்து நிறுத்திவிட்டுச் சாலையை ஆடவும் பாடவும் ஓடவும் விட்டார்கள். 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்' என்று அதற்குப் பெயர். வாயில் நுழையத்தக்க தமிழ்ப் பெயர் ஒன்று அகப்படவில்லை போலும்! 2023 ஜனவரியில், பொங்கலையொட்டி, 'சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா' தீவுத்திடலில் தொடங்கிப் பட்டணத்தின் பல பூங்காக்களிலும் திடல்களிலும் நடந்தது. பறையும் கரகமும் ஒயிலும் தப்பும் நையாண்டி மேளமும் பட்டணத்து மக்களின் கண்முன் ஆடின. 2007இல் தொடங்கிய சங்கமம், 2011இல் ஆட்சி மாறியதும் நின்றுபோய், ஆண்டு பல கழித்து மீண்டும் தலைகாட்டிய கதை அது.

நாம் இதைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. சபா மண்டபத்துச் சன்னலுக்கு வெளியே நின்ற கலை, சர்க்கார் செலவில் திடலுக்கு வருகிறது என்றால், மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. எந்தப் பாட்டைக் கேட்க, எந்த ஆட்டத்தைக் காண, பட்டணத்தார் விடுமுறை நாளில் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்களோ, அந்தப் பாட்டும் ஆட்டமும் பிறந்த மண் எது? ராயபுரமும் காசிமேடும் புளியந்தோப்பும் வியாசர்பாடியும் அல்லவா? மூட்டை தூக்கிய தோளும், வலை இழுத்த கையும், ஆலைச் சங்கு ஊதியதும் ஓடிய காலும் அல்லவா அவற்றைப் படைத்தன? அந்த மண்ணிலே, அந்தத் தெருவிலே, அதே பாட்டைப் பாடினால் என்ன நடக்கிறது? "யாரைக் கேட்டுப் பாடுகிறாய்?" என்று லத்தி கேட்கிறது.

இந்த வேற்றுமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

ஞாயிறு யார் தந்த கொடை?

விடுமுறை நாளில் பாட்டுக் கேட்கப் போகிறோம் என்கிறார்களே, அந்த விடுமுறையே எப்படி வந்தது? வானத்திலிருந்து விழுந்ததா? வெள்ளைத் துரைமார் மாதாகோயிலுக்குப் போகிற நாள் என்பதால் நமக்கும் கிடைத்ததா? இல்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் புலேயின் தோழர் அவர். 1890 ஜூனிலே பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். அதற்கு மறு ஆண்டு, 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலே வார ஓய்வு ஏறிற்று. இன்று கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டு காற்று வாங்குகிற கனவான், ஒரு கணம் லோகாண்டேயை நினைக்கக் கடமைப்பட்டவர்.

நம் வடசென்னைக்கு வருவோம். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு, வாடியா, திரு.வி.க. ஆகியோர் முன்னின்றார்கள். பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர் அன்று சொன்ன முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? கூலி மட்டுமல்ல. நண்பகல் உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது! கை கழுவி வாயில் சோறு போட்டு மீள்வதற்குள் கதவு மூடிவிடுகிறது என்பது! ஆலையின் வேலை நேரத்திலிருந்து தன் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டவன் தொழிலாளி. நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வரையறுத்தது அந்தப் பிடுங்கலின் கணக்குத்தான்.

அதையும் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். 2023 ஏப்ரல் 21ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே, நாள் ஒன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறிற்று. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொடி பிடித்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள், சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவிலே, திரும்பப் பெற்றுவிட்டோம் என்று முதலமைச்சர் அறிவித்தார். "நான்கு நாள் வேலை செய், மூன்று நாள் ஓய்வெடு" என்று அதற்குச் சாயம் பூசிப் பார்த்தார்கள். 12 மணி நேரம் இயந்திரத்தின்முன் நின்றவன் அந்த மூன்று நாளில் பாடுவானா, படுப்பானா?

பாட்டும் ஆட்டமும் நேரத்தில் விளைகிற பயிர். நேரம் இல்லாதவனுக்குப் பாட்டு இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஞாயிறு என்றால் கூலி இல்லாத நாள் என்று பொருள். செயலியைப் பார்த்துச் சோறு சுமந்து ஓடுகிற இளைஞனுக்கோ ஞாயிறுதான் முதுகு ஒடிகிற நாள். அண்ணா நகரில் ஆடி முடித்தவர்கள் வீடு திரும்பிப் பசியாறுவதற்கு அவன்தானே பொட்டலம் கொண்டுவர வேண்டும்!

கானா எங்கே பிறந்தது?

கானா என்றதும் சினிமாவை நினைப்பவர் பலர். தேனிசைத் தென்றல் தேவா 1990களில் அதைத் திரைக்குக் கொண்டுவந்து நாடெங்கும் பரப்பினார், மறுப்பதற்கில்லை. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்திலே கானா உலகநாதன் பாடியது பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 2012இல் 'அட்டகத்தி' வழியே கானா பாலா வந்தார். சட்டம் படித்தவர், புளியந்தோப்புப் பக்கத்துப் பிள்ளை. ஆனால் திரை கானாவைப் பெறவில்லை, தத்தெடுத்துக்கொண்டது, அவ்வளவே.

கானாவின் வேர் எது என்பதிலே ஆராய்ச்சியாளர்கள் ஒரு குரலில் பேசுவதில்லை. சித்தர் பாடலின் வழி என்பார் சிலர்; தர்காக்களில் பாடும் பாட்டின் வழி என்பார் சிலர்; சாவு வீட்டு ஒப்பாரியின் ஆண் வடிவம் என்பாரும் உண்டு. நமக்குத் தோன்றுவது இதுதான்: துறைமுகம் ஊரைக் கூட்டிற்று, ஊர் பாட்டைக் கூட்டிற்று. செங்கற்பட்டிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஒடுக்கப்பட்ட மக்களும், கடலோரத்து மீனவரும், உருதும் தமிழும் கலந்து பேசும் முஸ்லிம் தொழிலாளரும் ஒரே குழாயடியில் நின்றார்கள். ஒரே சுமையைத் தூக்கினார்கள். அவர்கள் பேச்சும் தாளமும் கலந்ததிலே வியப்பில்லை. பாட்டு என்ற பொருளுள்ள இந்திச் சொல்லே பெயராகிவிட்டது. இந்தியைத் திணித்தபோது எதிர்த்து நின்ற இதே மண், தானாக வந்த ஒரு சொல்லை மட்டும் தத்து எடுத்துக்கொண்ட வேடிக்கையையும் பாருங்கள்!

வாத்தியம் வாங்கக் காசு எங்கே? காலிப் பெட்டியும், சோற்றுச் சட்டியும், மேசைப் பலகையும், கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலின் தகரச் சுவருமே வாத்தியம். கொஞ்சம் வசதி வந்தால் டோலக்கு. இன்னும் வந்தால் தபேலா. பாட்டின் பொருள் என்ன? ஜெயில் வாசம், கடன்காரன் தொல்லை, ஏமாற்றிய காதல், தாயின் அருமை, பேருந்து நிறுத்தங்களின் பெயர் வரிசை, செத்துப்போன நண்பன். அதிலும் செத்துப்போன நண்பனைப் பற்றிய பாட்டுத்தான் கானாவின் உயிர். மரண கானா என்பார்கள். இறந்தவன் படத்துக்கு மாலையிட்டு, பந்தலின்கீழே விடிய விடியப் பாடுவார்கள். அவன் என்ன வேலை பார்த்தான், யாருக்கு உதவினான், எந்தப் பழக்கத்தால் கெட்டான், யாரைத் தவிக்க விட்டுப் போனான் என்று பெயர் சொல்லிப் பாடுவார்கள். பத்திரிகையிலே ஒரு வரி இரங்கல் காணாத மனிதனுக்கு, அவன் தெருவே எழுதும் வரலாறு அது.

இங்கே ஒரு சேதி சொல்லவேண்டும். அமெரிக்காவிலே நியூ ஆர்லியன்ஸ் என்றொரு துறைமுகப் பட்டணம். அங்கே கறுப்பின மக்களின் சாவு ஊர்வலத்திலே பித்தளை வாத்தியக் குழு முன்னே செல்லும். இடுகாட்டுக்குப் போகும்போது மெல்லிய சோகப் பாட்டு. புதைத்துத் திரும்பும்போது துள்ளல் இசை, தெருவே ஆடும். அந்த ஆட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் நடக்கும் தெரு ஊர்வலங்கள் வளர்ந்தன. அவற்றைக் காண உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகள் விமானம் ஏறி வருகிறார்கள். அதே பட்டணத்திலே 1817ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அடிமைகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும், குறித்த ஓர் இடத்தில் மட்டும் கூடலாம் என்று வரையறுத்தது. காங்கோ சதுக்கம் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த இடத்திலே அடிமைகள் ஞாயிறு பிற்பகலில் முரசறைந்து ஆடினார்கள்; வெள்ளையர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தத் தாளம் ஜாஸ் இசைக்கு உரமாயிற்று என்று வரலாற்றாசிரியர் எழுதுகிறார்கள். ஆடுகிறவன் அடிமை, பார்க்கிறவன் சுதந்தரன்! வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் தெருவைத் திறந்துவிட்டு, மற்ற ஆறு நாள் பூட்டிவைக்கும் வித்தை புதிதல்ல.

தகர பீப்பாயும் தப்பும்

இன்னொரு நாட்டைப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளிலே டிரினிடாட். கரும்புத் தோட்டமும் எண்ணெய்க் கிணறும் உள்ள நாடு. 1881இலே அங்கே திருவிழாவில் மக்கள் பந்தம் ஏந்தி முரசறைந்து வந்ததைப் போலீசு தடுத்தது, கலகம் மூண்டது. அடுத்த சில ஆண்டுகளில் தோல்முரசுக்கே தடை போட்டார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கோத்துத் தகரம். அதன்பின் எண்ணெய் பீப்பாய். பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியால் தட்டித் தட்டிச் சுரம் பிரித்து எடுத்தார்கள். 'ஸ்டீல் பான்' பிறந்தது. அதை அடித்தவனை ரவுடி என்றது அந்த நாட்டுக் கனவான் கூட்டம். 1951இலே அந்தக் குழுவே லண்டன் பெருவிழாவுக்குப் போய் வாசித்தது. 1992இலே அது டிரினிடாடின் தேசிய வாத்தியம் என்று அறிவிக்கப்பட்டது. 2023இலே ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11ஆம் நாளை உலக ஸ்டீல் பான் நாள் என்று குறித்தது.

அந்த டிரினிடாடிலே நம்மவர் கதையும் ஒன்று கிடக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள் நம்மவர்கள். கல்கத்தாத் துறையிலிருந்தும், நம் சென்னைத் துறையிலிருந்தும் போனார்கள். 1884 அக்டோபர் 30ஆம் நாள், மொகரம் பண்டிகையன்று, இந்து முஸ்லிம் பேதமின்றி அவர்கள் தப்பட்டை முழக்கிக்கொண்டு சான் பெர்னாண்டோ நகருக்குள் நுழைய வந்தபோது, நகர எல்லையிலே நிறுத்திச் சுட்டது வெள்ளை அரசு. பலர் மாண்டார்கள். குற்றம் என்ன? நகரத் தெருவிலே முரசு கொட்டிக்கொண்டு வரத் துணிந்தது!

மணலியிலும் எண்ணூரிலும் பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் அவற்றைத் தட்டித்தான் வளர்கிறார்கள். தேசிய வாத்தியம் என்று கொண்டாட வேண்டாம். நியூசென்ஸ் என்று விரட்டாமல் இருந்தால் போதும் என்கிறோம்.

பறையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். நம் மன்றங்களிலே இளைஞர்களுக்குள் இதுபற்றி வாக்குவாதம் நடப்பது நமக்குத் தெரியும். "பறை என்பது நம்மீது சுமத்தப்பட்ட இழிதொழில், சாவுக்கு அடிக்கமாட்டோம், கூலி கொடுத்தாலும் மாட்டோம்" என்று ஒரு சாரார். அவர்கள் பேச்சிலே நியாயம் இருக்கிறது. ஊரிலே எந்த ஆண்டையின் வீட்டில் சாவு விழுந்தாலும், சேரியிலிருந்து போய் அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இருந்ததே! அதை மறுத்ததற்காக அடிபட்டவர் எத்தனை பேர், குடிசை இழந்தவர் எத்தனை பேர்! அம்பேத்கர் நூற்றாண்டான 1991ஐ ஒட்டிய ஆண்டுகளிலே பல ஊர்களில் பறையடிக்க மறுப்பது தன்மானப் போராகவே நடந்தது. இன்னொரு சாராரோ, "பறை என்ற சொல்லுக்கே பேசு, அறிவி என்று பொருள். அதை ஏன் விடவேண்டும்? கட்டாயத்தை விடுவோம், கருவியை விடமாட்டோம்" என்கிறார்கள். புத்தர் கலைக்குழு போன்றவை அந்த வழியில் பறையை ஊர் ஊராகக் கற்பித்து வருகின்றன. அலங்காநல்லூர் வேலு ஆசான் அதைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லித் தந்து தந்தே பெயர் பெற்றார். 2025இலே பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

நாம் எந்தப் பக்கம்? இரண்டாம் பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனையோடு. சாவுக்கு அடி என்று கட்டளையிட யாருக்கும் உரிமையில்லை. அடித்தவனுக்கு எச்சில் இலையும் சாராயமும் கொடுத்து அனுப்பவும் யாருக்கும் உரிமையில்லை. விழாவுக்கு அழைக்கிற சர்க்காரும் இதைக் கவனிக்கவேண்டும். மேடையிலே நாதசுரக்காரருக்கு நாற்காலி, பறைக்காரருக்குத் தரை என்ற பழக்கம் ஒழிந்துவிட்டதாக நினைத்தால் தவறு. பல இடங்களில் அது வேறு உருவில் இருக்கிறது: பறை ஊர்வலத்தின் முன்னே ஆடிக்கொண்டு போகும், தலைவர் மேடையேறியதும் நிறுத்தச் சொல்வார்கள், பிறகு அவர்கள் எங்கே சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம் கட்சி ஊர்வலங்களிலும் கேட்பதில்லை. கேட்கவேண்டும்.

கானாவைப் பற்றியும் ஒரு சொல். பாட்டாளியின் பாட்டு என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் வைத்துக் கொண்டாட நாம் தயாராக இல்லை. பெண்ணை இழித்துப் பாடும் கானா இருக்கிறது. கத்தியைப் புகழ்ந்து பாடும் கானா இருக்கிறது. கைதட்டலுக்காகப் பாடுகிறார்கள் என்றால், கைதட்டுகிற நாமும் பொறுப்பாளிகளே. இதற்கு விடை தடையில் இல்லை, இசைவாணியிடம் இருக்கிறது. வடசென்னையில் வளர்ந்த அந்தப் பெண், ஆண்களே பாடி வந்த கானாவை எடுத்துப் பாடினார். 2018 ஜனவரியில், கீழ்ப்பாக்கத்துப் பள்ளித் திடலிலே 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியபோது அதில் ஒரே பெண் குரல் அவர். இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் கூட்டிய குழு அது. 2020இலே உலகின் 100 பெண்கள் என்று பி.பி.சி. தொகுத்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதே 2020 டிசம்பரிலே 'மார்கழியில் மக்களிசை' தொடங்கிற்று. மார்கழி என்றால் மயிலாப்பூர் என்றிருந்த கணக்கை அது மாற்றி எழுதிற்று.

கச்சேரி இசைக்கும் நமக்கும் பகை என்று யாரும் திரித்துவிடவேண்டாம். திருவொற்றியூர்க்காரரிடம் அந்தப் பேச்சு செல்லாது. வீணை குப்பையர் அழைப்பில் வந்து தியாகராசர் ஐந்து கீர்த்தனை பாடிய ஊர் அது. ஏழுகிணற்றிலிருந்து வள்ளலார் நடந்தே போய்ப் பாடிய ஊர். இவற்றைவிட நமக்குச் சுவையாகப் படும் சேதி ஒன்று அந்தக் கோயில் கல்வெட்டிலே இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில், சம்புவராயர் காலத்தில், கோயிலிலே பாடுகிற, ஆடுகிற பெண்களுக்குள் யார் எந்தப் பணியைச் செய்வது என்று தகராறு மூண்டது. பணி நின்றது. அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து முறை வகுத்தார்கள். அதுவும் ஒரே தடவையில் தீரவில்லை. ஆண்டுகள் பல இழுத்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாட்டும் ஆட்டமும் வேலைதான், அந்த வேலைக்கு முறையும் பங்கும் உண்டு என்று இந்த மண்ணில் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கானாப் பாடகனை "ஒரு பாட்டு சும்மா பாடிவிட்டுப் போ" என்கிறவர்கள், திருவொற்றியூர்க் கோயிலை ஒரு முறை சுற்றி வரட்டும்.

துரைமார் வந்த எண்ணூர்

விடுமுறை நாளில் வடக்கே வருவதும் புதுமையல்ல. எண்ணூர் என்றால் இன்று சாம்பலும் புகையும் நினைவுக்கு வரும். கம்பெனி ஆட்சிக் காலத்திலே அது துரைமாரின் உல்லாசத் தலம்! கோட்டையிலிருந்து வண்டியேறி வந்து, கழிமுகத்திலே படகு விட்டு, மீன் விருந்து உண்டு, மாலைக் காற்று வாங்கித் திரும்புவார்கள். மீனைப் பிடித்துத் தந்தவன் யார், படகைத் தள்ளியவன் யார் என்று கேட்கவா வேண்டும்?

அந்தக் கழிமுகத்தை என்ன செய்துவிட்டார்கள்! அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றை மூடிற்று. 2017 ஜனவரியிலே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. வாளி வாளியாய் அள்ளியவர்கள் மீனவரும் கூலிகளும். 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்ப் படகையும் வலையையும் கறுப்பாக்கிற்று. அந்த மாதமே ஒரு நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தக் கேட்டைப் பாட்டாலே உலகுக்குச் சொன்னதும் எண்ணூரில்தான். 2017 ஜனவரியிலே வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்': கேபர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதினார், டி.எம்.கிருஷ்ணா கழிமுகத்திலே நின்று பாடினார். புறம்போக்கு என்று வசவாகிப்போன சொல்லை, எல்லாருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளுக்கு மீட்டுத் தந்தது அந்தப் பாட்டு.

தெருவும் அப்படிப்பட்ட பொது நிலமே. ஆனால் வடசென்னைத் தெரு யாருடையது? துறைமுகத்து ஜீரோ கேட்டை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலையிலே, எந்த ஞாயிறு யார் ஆடுவது? லாரி நிற்பதற்குத் தெரு உண்டு. மனிதன் நிற்பதற்கு இல்லை. 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. தெற்கிலிருந்து வருகிறவர் திருவொற்றியூர்த் தேரடியில் சுகமாக வந்து இறங்கலாம். இறங்கியவர் உட்கார ஒரு திண்ணை, நின்று கேட்க ஒரு முற்றம் வேண்டாமா?

சட்டத்தைப் பார்ப்போம். 1888ஆம் ஆண்டில், விக்டோரியா மகாராணி காலத்தில், எழுதிய சென்னை மாநகரக் காவல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் 41ஆம் பிரிவின்படி கூட்டமும் ஊர்வலமும் கமிஷனர் கட்டுப்பாட்டில். ஒரு முறை 15 நாள் உத்தரவு. முடிந்ததும் மறு 15 நாள். இப்படியே ஆண்டு ஓடிவிடும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. நல்ல விதி; வேலை முடித்துத் தூங்குகிறவனுக்கும், படிக்கிற பிள்ளைக்கும், நோயாளிக்கும் வேண்டிய விதி. நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அதே விதியிலே, பண்பாட்டு விழாக்களுக்கும் சமய விழாக்களுக்கும் ஆண்டில் 15 நாள் வரை இரவு 12 மணி மட்டும் மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்றும் இருக்கிறது. அந்த விலக்கு மரண கானாப் பந்தலுக்கு எட்டுமா? பண்பாடு என்ற சொல்லுக்குள் கானாவுக்கு இடம் உண்டு என்று எழுத்தில் ஏறட்டும். ஒலிபெருக்கி இல்லாமல், வெறும் சட்டியும் குரலுமாகப் பாடுகிறவர்களை அந்த விதியைக் காட்டி மிரட்டுவதும் நிற்கட்டும்.

நம் தோழர்கள் செய்யத்தக்க வேலைகள் கையெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. 2007இலே அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. தம் தெருவில் யார் பாடுகிறார், யார் பறையடிக்கிறார், யார் ஆடுகிறார் என்று வட்டத் தோழர்களுக்குத் தெரியும். விண்ணப்பத்தாளை வாங்கி, எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தந்து, வாரியத்தில் பதியவைக்கவேண்டும். கானாவை எந்தக் கலையின் கீழே எழுதுவது என்று அதிகாரி தயங்கினால், தனிப் பெயராகவே எழுதச் சொல்லவேண்டும். நம் கூட்டங்களுக்கு அழைக்கும் குழுவுக்குக் கூலியை முன்னரே பேசி, மேடையில் அல்ல, கையில் கொடுக்கவேண்டும்.

நாளும் ஒன்று குறித்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டிலே படகுகள் கரையில் நிற்கும். கை சும்மா இருக்கும். வலை பின்னுகிற மாலைகளில் பாட்டு தானாகப் பிறக்கும். மே முதல் நாள் அந்த 61 நாளுக்குள்தான் விழுகிறது. 1923இலே சிங்காரவேலர் இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியதும் இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். ராயபுரம் ராபின்சன் பூங்கா எத்தனையோ கூட்டங்களைக் கண்ட இடம். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையிலும் மக்கள் கலையாமல் நின்ற இடம். அந்தத் திடலைக் கேட்டு விண்ணப்பம் எழுதுங்கள். மாலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்குள் முடிப்பதாக எழுதுங்கள். காசிமேடு, எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர்க் குழுக்களின் பெயரை எழுதுங்கள். கடைசி நாளில் போனால் 41ஆம் பிரிவைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். ஆகவே மார்ச்சிலேயே கொடுத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.